பம்புசெட்டைப் படுக்க விடாதீர்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பொன்னமராவதி வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஆற்றிய உரை)

விதையைப் பற்றிப் பேசுகிறோம். உரத்தைப் பற்றிப் பேசுகிறோம். பூச்சி மருந்தைப் பற்றி ரொம்பவே பேசுகிறோம். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. கிணற்று மேட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு, கூலி கேட்காமல் உழைக்கிற மோட்டாரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"மோட்டாரைப் பற்றிப் பேச எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே, விவசாய ஆபீசருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சிபாரிசு செய்கிற ஜிப்சமும் யூரியாவும் நல்ல ரக விதையும் எதை நம்பி இருக்கின்றன? தண்ணீரை நம்பித்தானே? நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கு மேல் கண்மாயும் குளமும் இருக்கின்றன. ஆனாலும் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கிழக்குப் பக்கம் கொஞ்சம் ஊர்களுக்குப் போவதோடு சரி. பொன்னமராவதி, காரையூர், அரசமலை, கொன்னையூர் பக்கத்திற்கெல்லாம் வானத்தை விட்டால் கண்மாய், கண்மாயை விட்டால் கிணறும் போரும்தான். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருகிற சாமான் படுத்துவிட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை.

காரையூர் பக்கத்து விவசாயி ஒருவர், பெயர் வேண்டாம். ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருந்தார். களை எடுத்து, மண் அணைத்து, ஜிப்சம் இட்டு, பயிர் பார்க்க லட்சணமாக இருந்தது. 42-ஆம் நாள். விழுது இறங்குகிற பருவம். அந்த நேரத்தில் மண் ஈரமாக, பொலபொலப்பாக இருந்தால்தான் விழுது மண்ணுக்குள் இறங்கும். அன்றைக்குக் காலையில் அவருடைய 5 குதிரைசக்தி மோட்டார் எரிந்துபோனது. டவுனுக்குக் கொண்டுபோனார். காயில் கட்டுகிற கடையில் இவருக்கு முன்னால் வந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. கோடையில் எல்லாருடைய மோட்டாரும் ஒரே சமயத்தில்தானே எரிகிறது! திரும்பி வர 11 நாள். விழுது அந்தரத்திலேயே காய்ந்துவிட்டது. முந்திய வருஷம் எடுத்ததில் பாதிகூட அந்த நிலத்தில் தேறவில்லை. காயில் கட்டின கூலியைவிடக் கடலையில் போன பணம்தான் பெரிசு.

அவரிடம் விசாரித்தேன். "ஒரு மாசமாவே ஸ்டார்ட்டர் கர்ர்னு சத்தம் போட்டுது சார். ஒரு குச்சியால ஒரு தட்டு தட்டினா நின்னுடும்" என்றார். அந்தச் சத்தம்தான் நோயின் குரல். ஸ்டார்ட்டருக்குள் ஒரு காண்டாக்ட் கருகித் தேய்ந்து, சரியாக ஒட்டாமல் இருந்திருக்கிறது. கடைசியில் அந்த ஒரு ஃபேஸ் விட்டுப்போய், மிச்சம் இரண்டு ஃபேஸில் மோட்டார் மூச்சுத் திணறி ஓடி எரிந்திருக்கிறது. ரிலே ஏன் விழவில்லை? அது முன்னாலேயே அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்ததாம். திருகித் திருகி மேலே ஏற்றி வைத்துவிட்டார். ஒரு மாசம் முந்தி, ஒரு நாள் மத்தியானம், காண்டாக்டை மட்டும் மாற்றியிருந்தால் தீர்ந்தது.

ஆலைக்காரர்கள் செய்வது என்ன?

நூற்பாலை, சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை இங்கெல்லாம் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஓடுகின்றன. ஒன்று நின்றால் அதைத் தொடர்ந்து பத்து நிற்கும். அதனால் இயந்திரத்தைப் பராமரிப்பதை அவர்கள் ஒரு தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அதில் மூன்று வழி உண்டு.

முதல் வழி, கெடுகிற வரைக்கும் ஓட்டுவது. கெட்டபின் சரிசெய்வது. இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கொட்டகையில் எரிகிற பல்பை யாராவது முன்கூட்டி மாற்றுவார்களா? எரிந்துபோனால் மாற்றுகிறோம். நஷ்டம் சின்னதாக இருக்கிற இடத்தில் இதுதான் சரியான வழி. ஆனால் நாம் மோட்டாரையும் பல்பு மாதிரியே நடத்துகிறோம். தப்பு அங்கேதான்.

இரண்டாவது வழி, நாள் கணக்கு. இத்தனை மணி ஓடினால் எண்ணெய் மாற்று, இத்தனை மாசமானால் கிரீஸ் வை என்று கெடு வைத்துச் செய்வது. மூன்றாவது வழி, அறிகுறி கணக்கு. இயந்திரத்தைப் பிரிக்காமல் அதன் சூடு, சத்தம், அது இழுக்கிற கரண்ட் இவற்றைப் பார்த்து, மாறுதல் தெரிந்தால் மட்டும் கை வைப்பது. வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி.

இதெல்லாம் சீமைச் சரக்கு என்று நினைக்காதீர்கள். கவலை இறைத்த காலத்தில், வடக்கயிறு அறுந்து சால் கிணற்றுக்குள் விழுந்தபிறகு கயிறு மாற்றலாம் என்று யாராவது இருந்தார்களா? புரி விட ஆரம்பித்ததுமே புதுக் கயிறு வந்துவிடும். அது அறிகுறி கணக்கு. தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் போட்டு ஊறவைத்தார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்புமுன் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டிக்கு மை போட்டார்கள். அது நாள் கணக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய் மடையையும் கலுங்கையும் ஊர் கூடிச் சரிபார்த்தார்களே, அந்தக் குடிமராமத்து என்ன? பராமரிப்புதான். 2017-இல் அரசாங்கம் அதே பெயரில்தான் திரும்பத் தொடங்கியது. வண்டிக்கு மை போடத் தெரிந்த நமக்கு, மோட்டார் வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு ஒரு நாள் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பதோடு சரி.

ஜப்பானில் மோட்டார் வாகன உதிரி பாகங்கள் செய்கிற நிப்பான்டென்சோ என்ற கம்பெனி, 1971-இல் பராமரிப்புக்காகப் பரிசு வாங்கியது. அவர்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. "மெஷினை ஓட்டுகிறவன் ஒருத்தன், பழுது பார்க்கிறவன் இன்னொருத்தன் என்று இருக்க வேண்டாம். ஓட்டுகிறவனே தினம் துடைக்கட்டும், திருகு முடுக்கட்டும், எண்ணெய் போடட்டும்" என்றார்கள். துடைக்கும்போதுதானே விரிசலும் கசிவும் கண்ணில் படும்? நம்ம கொட்டகையில் ஓட்டுகிறவர் நீங்கள்தான். பல வீட்டில் காலையில் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் தாய்மார்கள். அந்த மோட்டாரின் வழக்கமான சத்தம் உங்கள் காதுக்குத் தெரிகிற மாதிரி எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரியாது. சத்தம் மாறினால் வீட்டுக்காரரிடம் உடனே சொல்லுங்கள். "உனக்கென்ன தெரியும்" என்று அவர் சொன்னால், இந்தப் பேச்சைப் படித்துக் காட்டுங்கள்.

அளவுக்கு மிஞ்சியும் கை வைக்கக் கூடாது

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுகிற விமானங்களை 50 மணி நேரம் பறந்ததும் பிரித்துச் சோதிப்பது வழக்கம். வாடிங்டன் என்ற விஞ்ஞானி அதன் கணக்குகளைப் பார்த்தார். அவர் இன்ஜினீயர் இல்லை, நம்மைப் போல உயிரியல் படித்தவர். சோதனை முடிந்து வந்த உடனேதான் விமானங்கள் அதிகமாகப் பழுதாகின்றன, போகப் போகப் பழுது குறைகிறது என்று கண்டுபிடித்தார். ஒழுங்காக இருந்ததைக் கழற்றி மாட்டியதிலேயே கோளாறு புகுந்திருக்கிறது! இதை அவர் எழுதிய புத்தகம் 1973-இல் வெளிவந்தது.

இது நமக்கு எதற்கு? வருஷா வருஷம் ஒரு வழக்கத்துக்காகப் போர் மோட்டாரை மேலே தூக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 300 அடி, 400 அடி பைப்பைக் கழற்றி மாட்டும்போது மரை தேய்கிறது, கேபிள் உரசித் தோல் போகிறது, ஜாயிண்டில் தண்ணீர் இறங்குகிறது. நன்றாக ஓடுகிற நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்காதீர்கள். மேலே இருந்தே நாடி பார்க்க வழி இருக்கிறது. சொல்கிறேன்.

அமாவாசைக்கு அமாவாசை

அமாவாசையன்று மாட்டுக்கு ஏர் பூட்டாமல் ஓய்வு கொடுப்பது பழைய வழக்கம். தேதி மறந்தாலும் அமாவாசை மறக்காது. அன்றைக்கு அரை மணி நேரம் மோட்டாருக்கு ஒதுக்குங்கள்.

முதலில் மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், பையில்தான். கொட்டகையில் வைத்தால், நீங்கள் உள்ளே கை விட்டிருக்கும்போது யாராவது நல்ல எண்ணத்தோடு மாட்டிவிடுவார்கள். டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்தபிறகு ஸ்டார்ட்டர் மூடியைத் திறவுங்கள். பாதிப் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: எறும்பு, பல்லி, குளவிக்கூடு. காண்டாக்ட் இரண்டுக்கும் நடுவில் எறும்பு நசுங்கி ஒட்டிக்கொண்டாலே ஒரு ஃபேஸ் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். கேபிள் நுழைகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள். காண்டாக்ட் லேசாகக் கறுத்திருந்தால் பயமில்லை. மேடு பள்ளமாக உருகியிருந்தால் மாற்ற வேண்டும். அரம் போட்டு ராவி ராவி ஓட்டுவது இரண்டு நாள் வைத்தியம். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

வயர் முடுக்குகிற திருகுகளைப் பாருங்கள். தளர்ந்த திருகு சூடாகும். சூடானால் இன்னும் தளரும். வயரின் தோல் அந்த இடத்தில் பழுப்பேறி மொறமொறப்பாக இருந்தால் அதுதான் அடையாளம்.

அடுத்தது ரிலே. மோட்டாரின் பெயர்ப்பலகையில் எத்தனை ஆம்பியர் என்று அடித்திருப்பார்கள். கிணற்று மேட்டில் இருக்கிற 5 குதிரைசக்தி மோட்டாருக்குப் பொதுவாக 7½ முதல் 8 ஆம்பியர். நீர்மூழ்கி என்றால் ஒன்றிரண்டு கூடுதல். நேரடி ஸ்டார்ட்டரில் ரிலே முள் அந்த அளவில்தான் நிற்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் உள்சுற்றில் மாட்டியிருக்கும். அதன் வழியாக முழுக் கரண்டும் போகாது, 100-க்கு 58 பங்குதான் போகும். அதனால் 11 ஆம்பியர் மோட்டாருக்கு முள்ளை 6½ கிட்ட வைக்க வேண்டும். இது தெரியாமல் 11-இல் வைத்துவிட்டு, "ரிலே இருந்தும் எரிந்துபோச்சு" என்று கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ரிலே விழுந்தால் அது நம்மைத் தொந்தரவு செய்யவில்லை. மோட்டார் சாகாமல் குறுக்கே விழுகிறது. ஏன் விழுந்தது என்று தேடுங்கள். முள்ளைத் திருகாதீர்கள். பியூஸுக்கும் இதே சட்டம். நாலு புரி செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டால் அதன் பெயர் பியூஸ் இல்லை.

பிறகு பம்பு. கிளாண்டில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து நட்டை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் அநேகம். கயிறு வைத்த கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ஷாப்டைக் குளிர வைக்கிறது. சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாப்ட் தேயும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். ஒழுகலாக ஊற்றினால் கயிறு மாற்ற வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். சீல் வைத்த பம்பாக இருந்தால் மட்டும் சொட்டக் கூடாது.

பம்பில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிட்டால் புட்வால்வு தோல் போய்விட்டது. அதோடு தினம் மல்லுக்கு நிற்காமல் மாற்றிவிடுங்கள். கிணற்று மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்க வேண்டும். காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தூக்குவது கணக்குப்படி 34 அடிதான். நடைமுறையில் 20 அடிக்கு மேல் போனால் பம்பு திணறும். இது எந்தக் கம்பெனிப் பம்புக்கும் பொது. இயற்கையின் விதி, பேரம் பேச முடியாது.

பேரிங் கிரீஸ் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டு பக்கமும் மூடின பேரிங்குக்கு வேண்டவே வேண்டாம். பேரிங் கூட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் கிரீஸ் இருக்கலாம். நெட்டி நெட்டி அடைத்தால் அந்தக் கிரீஸே கடைபட்டுச் சூடாகும். மோட்டாரின் காற்று ஓட்டையில் மண் குளவி கட்டிய கூட்டை எடுத்துவிடுங்கள். காயிலின் சூடு அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுசு பாதியாகும் என்பது எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர்கள் வைத்திருக்கிற பழைய கணக்கு. நிழலுக்குக் கீற்றும், வெக்கை போக ஜன்னலும் இல்லாத தகரக் கொட்டகை வைகாசி வெயிலில் என்ன சூடு இருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

மோட்டார் நோட்டு

இப்போது நாடி பார்க்கிற வித்தைக்கு வருகிறேன். ஒரு 20 ரூபாய் நோட்டு வாங்குங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரி பைப்பின் கீழ் வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்திலோ செல்போனிலோ பாருங்கள். 40 நொடி என்றால் நொடிக்கு 5 லிட்டர். அதை எழுதுங்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். ஓல்ட்மீட்டர் இருந்தால் அதையும், எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரோடு வரும்போது மூன்று ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுதுங்கள். இவ்வளவுதான்.

ஒரு தடவை எழுதினதில் பிரயோஜனமில்லை. ஆறு மாசம் எழுதினால் நோட்டு பேச ஆரம்பிக்கும். நீர்மட்டம் அதே மட்டம்தான், ஆனால் 40 நொடியில் நிரம்பின டிரம் 55 நொடி எடுக்கிறது. அப்படியானால் நொடிக்கு 5 லிட்டர் 3½ லிட்டர் சொச்சமாகக் குறைந்துவிட்டது. ஆம்பியரும் சேர்ந்து குறைந்திருந்தால் கோளாறு தண்ணீர்ப் பக்கம்: இம்பெல்லர் தேய்ந்திருக்கும், சல்லடை அடைத்திருக்கும், உறிஞ்சு குழாயில் காற்று நுழையும். தண்ணீர் குறைந்து ஆம்பியர் மட்டும் ஏறியிருந்தால் கோளாறு மோட்டார்ப் பக்கம்: பேரிங் இறுகியிருக்கும், புஷ் உரசும், அல்லது ஓல்ட்டேஜ் குறைவாக வரும்.

மூன்று ஃபேஸின் ஆம்பியரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் குற்றம் லயனிலா, மோட்டாரிலா? இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. மோட்டாருக்குப் போகிற மூன்று வயரையும் வரிசை மாறாமல் ஆளுக்கு ஓர் இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். மறுபடி அளந்தால், கூடுதல் ஆம்பியர் பழைய லயனிலேயே இருந்தால் கோளாறு மின்சார லயனில். வயரோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் கோளாறு மோட்டாரில் அல்லது கேபிளில். போர் மோட்டாரைத் தூக்குவதா வேண்டாமா என்ற சண்டை இதோடு தீர்ந்துவிடும். லயனில்தான் கோளாறு என்றால் நோட்டோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். "ஓல்ட்டேஜ் சரியில்லை சார்" என்று சொல்வதற்கும், "மூன்று மாசமாக இந்த ஃபேஸில் இவ்வளவுதான் வருகிறது" என்று தேதி போட்டுக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நீர்மூழ்கி மோட்டாருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மெக்கர் வைத்து இன்சுலேஷன் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால், தானாக எரியுமுன் தூக்குங்கள். அதுவும் அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கிற நாளில் தூக்குங்கள். ஆலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்துவது போல, நமக்கு இரண்டு போகத்துக்கும் நடுவில் உள்ள நாள்தான் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளில் கடைக்காரருக்கும் அவசரம் இருக்காது, காயிலை நிதானமாகக் கட்டுவார். அவசரக் கட்டில் பழைய காயிலைத் தீ வைத்து எரித்து எடுப்பதுண்டு. அதில் மோட்டாரின் தகடுகள் கெட்டுப்போய், பிறகு என்றைக்கும் சூடாகவே ஓடும்.

"கரண்ட் இலவசம்தானே, கூட இழுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1990-இலிருந்து நம்ம மாநிலத்தில் விவசாய மின்சாரம் இலவசம்தான், சந்தோஷம். ஆனால் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குள் எத்தனை பாத்தி பாய்கிறது என்பது உங்கள் கணக்குத்தானே? தேய்ந்த பம்பு உங்கள் நேரத்தைத் தின்கிறது.

கிணறு நிறைந்தால் மோட்டார் எரியுமா?

எரியும். இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து கிணறு தளும்பும்போது மோட்டார் எரிகிறது. "தண்ணி மேலேயே நிக்குது, மோட்டாருக்கு வேலையே இல்லை, அப்புறம் ஏன்?" என்பார்கள். ஆழத்திலிருந்து தூக்குவதற்கென்று வாங்கின பம்பு, தண்ணீர் மேலே வந்ததும் அளவுக்கு மீறி வாரி இறைக்கும். இறைக்கிற தண்ணீர் கூடக் கூட இழுக்கிற கரண்டும் கூடும். இதற்கு வைத்தியம் சுலபம். டெலிவரியில் ஒரு கேட்வால்வு மாட்டி, ஆம்பியர் பெயர்ப்பலகை அளவுக்கு இறங்குகிற வரை கொஞ்சம் மூடி ஓட்டுங்கள். கோடையில் முழுசாகத் திறந்துகொள்ளலாம். உறிஞ்சு பக்கம் ஒருக்காலும் மூடி ஓட்டாதீர்கள்.

இரண்டு ஃபேஸ் கரண்ட் இருக்கும்போது கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். மூன்று ஆள் தூக்குகிற மூட்டையை இரண்டு ஆள் தூக்கினால் நாலு நாள் தூக்குவார்கள், ஐந்தாம் நாள் முதுகு போகும். இதற்கு நேர்மாறாக, ஒரு ஃபேஸ் போனதும் தானாக நிறுத்துகிற கருவி கடையில் கிடைக்கிறது. ஸ்டார்ட்டர் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். போரில் தண்ணீர் வற்றினதும் நிறுத்துகிற கருவியும் அப்படியே.

ஆட்டோ சுவிட்சு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி எழுந்து போக வேண்டாம், பாம்புக்கும் பயமில்லை, நல்லதுதான். ஆனால் கரண்ட் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரின் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. நேரடி ஸ்டார்ட்டரில் ஒவ்வொன்றும் கிளம்பும்போது ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஓல்ட்டேஜ் படுத்துவிடும். ஓல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் திருப்புகிற பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். அதனால் பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு இருந்தாலும் இதில் மட்டும் கூடிப் பேசி, தாமதிக்கிற டைமரை ஒருத்தர் ஒரு நிமிஷம், இன்னொருத்தர் இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் பாறைப் பூமியானதால் போரில் கம்பிரசர் வைத்திருக்கிறவர்களும் உண்டு. எண்ணெய் மட்டம், காற்று வடிகட்டியின் தூசு, தொட்டியில் தேங்குகிற தண்ணீர் இந்த மூன்றும் வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டியவை. காற்று விடுகிற சேப்டி வால்வு அடிக்கடி திறந்து தொந்தரவு செய்கிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தொட்டி இல்லை அப்போது, வெடிகுண்டு.

எர்த் கம்பியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. மோட்டாரிலிருந்தும் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்தும் எர்த் கம்பி அறுபடாமல் குழி வரை போகிறதா என்று அமாவாசைக்கு அமாவாசை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டு அறுந்து கிடக்கும், யாருக்கும் தெரியாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும். எர்த் இல்லாததால் மோட்டார் நிற்காது, ஆள்தான் நிற்பார். உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் கரண்டை வாங்காது. மோட்டார் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதானாலும் நிறுத்தி, மெயினை எடுத்துவிட்டுப் புறங்கையால் தொடுங்கள். ஈரக் காலோடு வேண்டாம்.

போர் மோட்டாரைப் பழுது பார்க்கத் தூக்கினால், அது கடையில் கிடக்கிற நாலு நாளும் குழியின் வாய் திறந்தே கிடக்கிறது. சாக்கைப் போட்டு மூடுகிறார்கள். சாக்கு யாரைத் தாங்கும்? 2019 அக்டோபரில் நமக்குப் பக்கத்தில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத ஆழ்குழாய்க் குழிக்குள் விழுந்து, நாலு நாள் போராடியும் காப்பாற்ற முடியாமல் போனதை ஊர் உலகமே பார்த்தது. கேசிங் பைப்புக்குப் பொருத்தமான இரும்பு மூடி ஒன்றை முன்னாலேயே செய்து கொட்டகையில் வைத்திருங்கள். மோட்டார் மேலே வந்த அடுத்த நிமிஷம் மூடி இறங்க வேண்டும், நட்டு போட்டு முடுக்க வேண்டும். பைப் தூக்குகிற ஆட்கள் சாப்பிடப் போகிற இடைவேளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய பம்புசெட்டை மாற்ற நினைக்கிறவர்களும், சூரிய சக்தி பம்பு வைக்க நினைக்கிறவர்களும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மானியம் எவ்வளவு, யாருக்கு என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். உழவன் செயலியிலும் பார்க்கலாம். போகும்போது சிட்டாவோடு மோட்டார் நோட்டையும் எடுத்துப் போங்கள். உங்கள் கிணற்றுக்கு எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்பதை அந்த நீர்மட்டக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.